போதையா, அளவா?
மது அருந்தி வாகனமோட்டுவதற்கு எதிரான சட்டங்களும் மக்கள் மனமும்



சட்ட வரலாறு என்றவுடன் மன்னர்களின் ஆணைகளும் நாடுகளின் அரசியலமைப்புகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இவ்வுரை எடுத்துக்கொள்ளும் பொருள் அவற்றைவிடச் சிறியது. 80, 35, 107 என்னும் மூன்று எண்களின் வரலாறு அது.

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 22 வரை மலேசியச் சாலைகளில் வாகனமோட்டும் ஒருவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை மதுச்சாரம் இருக்கலாம். மூச்சில் அளந்தால் 35 மைக்ரோகிராம். சிறுநீரில் அளந்தால் 107 மில்லிகிராம். அதற்கு மேற்பட்டால் குற்றம். மறுநாள் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அவ்வெண்களை 50, 22, 67 என்று குறைத்தது. கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் இதனைச் சரிபார்க்கலாம். பழைய எண்கள் ஒவ்வொன்றையும் ஐந்தால் பெருக்கி எட்டால் வகுத்து முழு எண்ணாக்கினால் புதிய எண்கள் கிடைத்துவிடும். சட்டத்தின் அமைப்பு மாறவில்லை. அளவுகோலின் கோடு மட்டுமே கீழிறங்கியது.

இந்த எண்கள் இந்நாட்டில் பிறந்தவை அல்ல. அவை பிரித்தானியச் சட்டத்தின் எண்கள். 80 என்ற எண் அந்நாட்டில் 1967-இல் நடைமுறைக்கு வந்தபோது மக்களிற் பலர் கொதித்தெழுந்தனர். அரசு தங்கள் உரிமையில் கைவைக்கிறது என்றனர். அரை நூற்றாண்டுக்குப் பின்னர் மலேசியாவில் அதே சட்டம் கடுமையாக்கப்பட்டபோது, சட்டம் போதாது, இன்னும் கடுமை வேண்டும் என்று மக்கள் குரலெழுப்பினர். ஒரே வகைச் சட்டத்தை ஒரு தலைமுறை வெறுத்ததும் மற்றொரு தலைமுறை வேண்டியதும் ஏன்? வெறுத்தபோதும் வேண்டியபோதும் மக்கள் சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார்களா? இவ்விரு வினாக்களும் இவ்வுரையின் வழிகாட்டிகள்.

1. எண் இல்லாத காலம்

மது அருந்தி மோட்டார் வாகனம் ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மனிதராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவர், இலண்டன் மாநகரின் வாடகைக் கார் ஓட்டுநர் ஜார்ஜ் ஸ்மித். 1897 செப்டம்பர் 10 அன்று தம் வண்டியை ஒரு கட்டடத்தில் மோதிய அவர், குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 ஷில்லிங் தண்டம் செலுத்தினார். அவருடைய மூச்சையோ இரத்தத்தையோ யாரும் அளக்கவில்லை. அளக்கும் வழியும் அன்று இல்லை.

இயந்திர விசையால் இயங்கும் வாகனத்தைக் குடித்த நிலையில் பொறுப்பில் வைத்திருப்பது குற்றம் என்று 1925-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் பிரித்தானியாவில் வகுத்தது. 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வாகனத்தை உரியவாறு கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மதுவின் வயப்பட்டிருத்தல் என்று அதனை விரித்தது. ஆயினும் அந்நிலையை எவ்வாறு மெய்ப்பிப்பது? காவல்துறை மருத்துவர் அந்த ஓட்டுநரை நேர்கோட்டில் நடக்கச் சொல்வார், நாப்பிறழும் சொற்றொடர்களைச் சொல்லச் சொல்வார், கண்களை நோக்குவார். பின்னர் நீதிமன்றத்தில் தம் கருத்தைக் கூறுவார். எதிர்த்தரப்பு மற்றொரு மருத்துவரைக் கொண்டுவந்து மறுக்கும். தீர்ப்புரைக்கும் நடுவர் குழுவினரும் பெரும்பாலும் வாகனமோட்டிகளே. இரண்டு கோப்பை அருந்திவிட்டு வீடு திரும்பிய தங்கள் மாலைப்பொழுதுகள் அவர்களின் நினைவில் எழும். குற்றக் கூண்டில் நிற்பவனிடம் தங்களையே கண்டவர்கள், அவனை எளிதில் தண்டிக்க முன்வரவில்லை.

இந்த முட்டுக்கட்டையை முதலில் உடைத்தவை வட ஐரோப்பிய நாடுகள். சுவீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க், அருந்திய மதுவுக்கும் இரத்தத்தில் சேரும் மதுச்சாரத்துக்கும் உள்ள தொடர்பை வாய்பாடாக வகுத்தார். 1936-இல் நார்வே, இரத்தத்தில் குறிப்பிட்ட அளவு மதுச்சாரம் இருப்பதையே குற்றமாக்கியது. 1941-இல் சுவீடன் அவ்வழியைப் பின்பற்றியது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் காவல்துறையில் பணியாற்றிய இராபர்ட் போர்கன்ஸ்டைன் 1954-இல், மூச்சைக்கொண்டு மதுச்சாரத்தை அளக்கும், எடுத்துச் செல்லத்தக்க கருவியைப் படைத்தார். அவர் தலைமையில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் நடந்த ஆய்வு 1964-இல் வெளியானது. மோதல்களில் சிக்கிய ஏறத்தாழ 6,000 ஓட்டுநர்களையும், எந்த மோதலிலும் சிக்காமல் அதே சாலைகளில் சென்ற ஏறத்தாழ 7,600 ஓட்டுநர்களையும் ஒப்பிட்டது அவ்வாய்வு. இரத்தத்தில் மதுச்சாரத்தின் அளவு உயர உயர மோதல் நேரும் வாய்ப்பு செங்குத்தாக ஏறுவதை அது எண்களால் காட்டியது. தடுமாறாமல் நடப்பவனும் தெளிவாகப் பேசுபவனும்கூட அந்த ஏற்றத்துக்கு உட்பட்டவர்களே.

சட்டம் கேட்கும் கேள்வியையே இது மாற்றியது. 'இவன் போதையில் இருந்தானா?' என்பது பழைய கேள்வி. 'இவன் உடலில் எவ்வளவு இருந்தது?' என்பது புதிய கேள்வி. முன்னது மனிதனின் நிலையைப் பற்றியது; பின்னது ஓர் அளவைப் பற்றியது.

2. 1967: பிரித்தானியரின் சீற்றம்

1965 டிசம்பரில் பிரித்தானியப் போக்குவரத்து அமைச்சராகப் பொறுப்பேற்றவர் பார்பரா காசல். தொழிற்கட்சியின் அஞ்சாத பேச்சாளர்; வாகனமோட்டத் தெரியாதவர். 1966-ஆம் ஆண்டில் மட்டும் பெரிய பிரித்தானியாவின் சாலைகளில் 7,985 பேர் மாண்டனர். 1966-இன் தொடக்கத்தில் அரசு கொண்டுவந்த முதல் மசோதா, எந்த ஓட்டுநரையும் ஐயம் எதுவுமின்றி நிறுத்தி மூச்சைச் சோதிக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு வழங்க முனைந்தது. தடையின்றிச் செல்லும் குடிமகனை எவ்விதக் காரணமுமின்றிக் காவலர் நிறுத்துவதா என்ற எதிர்ப்பு வலுத்தது. பொதுத்தேர்தல் குறுக்கிட, அம்மசோதா காலாவதியானது. மீண்டும் வந்த மசோதாவில் அவ்வதிகாரம் இல்லை. மது அருந்தியிருப்பதாக ஐயுறத் தக்க காரணம் இருந்தாலோ, ஓட்டுநர் போக்குவரத்துக் குற்றம் புரிந்தாலோ, மோதல் நேர்ந்தாலோ மட்டுமே சீருடைக் காவலர் மூச்சுச் சோதனைக்குப் பணிக்கலாம் என்று அது வரையறுத்தது.

1967 அக்டோபர் 9 அன்று சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் இப்பகுதி நடைமுறைக்கு வந்தது. காவலரின் கையில் ஒரு கண்ணாடிக் குழாய். அதனுள் மஞ்சள் நிறப் படிகங்கள். மறுமுனையில் ஒரு பை. ஓட்டுநர் ஊதும்போது படிகங்கள் குறித்த கோட்டைத் தாண்டிப் பச்சையானால் அவர் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்படுவார். அங்கே மறுசோதனை, அதன்பின் இரத்தமோ சிறுநீரோ எடுத்து ஆய்வு. வரம்பு 80. மீறியவர் ஓராண்டுக்கு வாகனமோட்டும் உரிமத்தை இழப்பார்.

எதிர்ப்பு மூன்று திசைகளிலிருந்து வந்தது. மதுக்கூட உரிமையாளர்கள் தங்கள் பிழைப்பு போயிற்று என்றனர். ஊர்ப்புறங்களில் மதுக்கூடமே மக்கள் கூடும் பொது மன்றம். பேருந்து இல்லாத ஊரில் காரை விட்டுவிட்டு எவ்வாறு வருவது என்று அவர்கள் கேட்டனர். அவ்வினா முற்றிலும் பொருளற்றதன்று. அடுத்து, தனிமனித உரிமை பேசியோர். தன் உடலிலிருந்து தனக்கு எதிராகவே சான்று வழங்குமாறு குடிமகனை அரசு நிர்ப்பந்திக்கலாமா என்பது அவர்களின் வினா. இதனையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மூன்றாவது திசையிலிருந்து வந்தது வசைமாரி. காசல் அம்மையாருக்கு மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. கொலை மிரட்டல்களும் அவற்றுள் இருந்தன. ஒரு பெண், அதிலும் காரோட்டத் தெரியாத பெண், இதைப்பற்றி என்ன அறிவார் என்று ஒலிபரப்பு நேர்காணலிலேயே அவர் வினவப்பட்டார்.

இச்சீற்றத்தின் அடியில் ஓர் அச்சம் இருந்தது. பழைய சட்டத்தில் குற்றவாளி என்பவன் தள்ளாடும் குடிகாரன், அவன் வேறொருவன். புதிய சட்டத்தில் குற்றவாளி யாராகவும் இருக்கலாம். நேராக நடப்பவரும், மதிப்புமிக்க பதவியில் இருப்பவரும், இதுகாறும் ஒரு முறைகூட மோதாதவரும் அந்த எண்ணைத் தாண்டினால் குற்றவாளியே. 'நான் போதையில் இல்லை' என்ற வாதத்துக்குச் சட்டம் செவிசாய்க்க மறுத்தது. மக்களைச் சுட்டது அந்த மறுப்பே.

3. எண்கள் உரைத்தவை

சட்டத்தின் பயன் உடனே தெரிந்தது. சாலை மரணங்கள் 1967-இல் 7,319 ஆகவும் 1968-இல் 6,810 ஆகவும் குறைந்தன. மதுக்கூடங்கள் மூடும் நேரத்தை ஒட்டிய இரவு வேளைகளில், அதிலும் வார இறுதி இரவுகளில், சரிவு மிகப் பெரிதாக இருந்தது. பகல் வேளைகளில் அத்தகைய சரிவு இல்லை. சரிவுக்குக் காரணம் இச்சட்டமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. 1969-இல் மரணங்கள் 7,365, 1970-இல் 7,499, 1971-இல் 7,699, 1972-இல் 7,763. பழைய உயரத்தை நெருங்கிவிட்டன. இடையில் வரம்பு மாறவில்லை, தண்டனையும் தளரவில்லை. மாறியது என்ன?

அமெரிக்கச் சமூகவியலாளர் எச். லாரன்ஸ் ராஸ் 1973-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை தேடினார். தொடக்கத்தில் விளம்பரமும் செய்தியேடுகளின் ஆரவாரமும் சேர்ந்து, 'குடித்துவிட்டு ஓட்டினால் தப்பாமல் பிடிபடுவோம்' என்ற எண்ணத்தை மக்களிடம் ஊன்றியிருந்தன. எதிர்ப்பாளர்களின் கூச்சலே சட்டத்துக்கு இலவச விளம்பரமாயிற்று. நாள்கள் செல்லச் செல்ல உண்மை நிலை புலப்பட்டது. காவலர்கள் செய்த சோதனைகள் மிகச் சில. பல ஆண்டுகள் வாரந்தோறும் அருந்தி ஓட்டியும் ஒருமுறைகூட நிறுத்தப்படாதவர் ஏராளம். நீதிமன்றங்களிலும் ஓட்டைகள் தென்பட்டன. சோதனைக் கருவி முறையாக ஏற்பளிக்கப்பட்டது என்பதை மெய்ப்பிக்கத் தவறியதால் 1968-இல் ஒரு தண்டனை தள்ளுபடியானது. மோதலுக்குப் பிறகே மது அருந்தினேன் என்று வாதிட்டோரும் உண்டு. பிடிபடுவோம் என்ற அச்சம் அகன்றதும் பழைய பழக்கம் திரும்பியது.

மனிதர் அஞ்சுவது தண்டனையின் கடுமைக்கு அன்று, அகப்படுவதன் உறுதிக்கு. ராஸ் கண்ட இவ்வுண்மையே பின்வரும் நிகழ்வுகள் அனைத்தையும் அளக்கும் கோலாகும்.

1983 முதல் பிரித்தானியாவில் காவல் நிலைய மூச்சுக் கருவியின் அளவே நீதிமன்றச் சான்றாக ஏற்கப்பட்டது. 35 மைக்ரோகிராம் என்ற எண் அப்போது வழக்குக்கு வந்தது. நம் நாட்டுச் சட்டத்தில் நெடுங்காலம் இருந்த 80, 35, 107 என்ற மூன்று எண்களும் பிரித்தானியச் சட்டத்தின் எண்களே. காவலர் எப்போது சோதிக்கலாம் என்பதற்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த நிபந்தனைகளின் சாயலையும் மலேசியச் சட்டத்தில் காணலாம். எண்ணோடு எல்லையும் கப்பலேறி வந்தது.

4. மனம் திரும்பிய காலம்

சட்டத்தை வெறுத்த மனம் சட்டத்தை வேண்டத் தொடங்கியது எப்போது? ஒரே நாளில் நிகழவில்லை; எனினும் 1980-ஆம் ஆண்டைத் திருப்புமுனை எனலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தம் 13 வயது மகளை ஒரு குடிகார ஓட்டுநருக்குப் பறிகொடுத்த கேண்டி லைட்னர், அவ்வாண்டில் 'குடித்து ஓட்டுவோருக்கு எதிரான தாய்மார்கள்' என்னும் பொருள்படும் அமைப்பைத் தொடங்கினார். அதுவரை இத்தகைய வழக்குகளில் மக்கள் கண்ணில் தெரிந்த மனித முகம் ஓட்டுநரின் முகம். உயிரிழந்தவர் ஓர் எண்ணிக்கை. தாய்மார் தம் பிள்ளைகளின் நிழற்படங்களை ஏந்தி நின்றபோது அது தலைகீழாயிற்று. 'அந்த ஓட்டுநர் நானாக இருந்திருக்கலாம்' என்று எண்ணிய சமூகம், 'அந்தப் பிள்ளை என் பிள்ளையாக இருந்திருக்கலாம்' என்று எண்ணத் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இன்னொரு பாடம் கற்பித்தது. பிரித்தானியா 1966-இல் கைவிட்ட அந்த முறையை, அதாவது எந்த ஓட்டுநரையும் ஐயமின்றியும் நிறுத்திச் சோதிக்கும் முறையை, அம்மாநிலம் 1982 டிசம்பர் 17 அன்று முதற்கண் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. பெருஞ்சாலைகளில் காவலர் வரிசையாக நின்றனர். தொலைக்காட்சியில் விளம்பரம் இடைவிடாது ஒலித்தது. 1982-இல் 1,253 ஆக இருந்த அம்மாநிலச் சாலை மரணங்கள் 1983-இல் 966 ஆகக் குறைந்தன. உரிமையில் தலையிடுகிறது என்று பிரித்தானியர் அஞ்சிய அதே முறை, அங்கு நாளடைவில் மக்களின் பெரும் ஆதரவைப் பெற்று 1985-இல் நிலைபெற்றது. எல்லாரும் நிறுத்தப்படும்போது எவரும் இழிவுறுவதில்லை. ஐயத்தின்பேரில் ஒருவரை மட்டும் நிறுத்துவதே இழிவு என்பதை மக்கள் அனுபவத்தில் உணர்ந்தனர்.

பிரித்தானியாவிலும் காலம் கனிந்தது. மதுத் தொடர்புடைய சாலை மரணங்கள் தனியே மதிப்பிடப்பட்ட முதல் ஆண்டான 1979-இல் அவற்றின் எண்ணிக்கை 1,640. 2010-களில் அது ஆண்டுக்கு 200 முதல் 250 வரை என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் வரம்போ அதே 80. அந்நாற்பது ஆண்டுகளில் எண்ணைக் குறைக்காமலே ஒரு சமூகம் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. சோதனைகள் பெருகின, ஆண்டுதோறும் விளம்பர இயக்கங்கள் நடந்தன, அனைத்துக்கும் மேலாக, குடித்துவிட்டுச் சாவியை எடுப்பவரை நண்பர்களே தடுக்கும் வழக்கம் தோன்றியது.

5. மலேசியா, 2020

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 2020 மார்ச் 18 முதல் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தது. சாலைகள் வெறிச்சோடிய அக்காலத்தில், மது அருந்திய ஓட்டுநர்களால் நேர்ந்த மரணங்கள் அடுத்தடுத்துச் செய்தியாயின. மே மாதத் தொடக்கத்தில், காஜாங் வட்டார நெடுஞ்சாலையில் சாலைத் தடுப்புப் பணியில் நின்ற காவலர் ஒருவர் அவ்வாறு உயிரிழந்தார். நோய்த்தொற்றுக் காலத்தில் மற்றவர்க்காகச் சாலையில் நின்றவர் சாய்க்கப்பட்டது மக்களின் நெஞ்சைப் பிளந்தது. சட்டத்தைக் கடுமையாக்குக என்ற கோரிக்கை இன வேறுபாடின்றி எழுந்தது. இங்கே மக்கள் கண்முன் நின்ற முகம் தொடக்கத்திலிருந்தே உயிரிழந்தவரின் முகம். 1967-இன் பிரித்தானியச் சீற்றத்துக்கும் 2020-இன் மலேசியச் சீற்றத்துக்கும் உள்ள திசை வேறுபாடு இதனால் விளைந்தது.

போக்குவரத்து அமைச்சர் வீ கா சியோங் கொண்டுவந்த திருத்த மசோதாவை மக்களவை 2020 ஆகஸ்டு 26 அன்று ஏற்றது. அக்டோபர் 23 அன்று அது நடைமுறைக்கு வந்தது. மது அருந்தி ஓட்டி மரணம் விளைவிப்போர்க்கு முன்னர் மூன்று முதல் பத்து ஆண்டுவரை சிறையும் 8,000 முதல் 20,000 ரிங்கிட் வரை தண்டமும் இருந்தன. புதிய சட்டத்தில் முதல் குற்றத்துக்கே பத்து முதல் பதினைந்து ஆண்டுவரை சிறை. 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டம். மீண்டும் புரிந்தால் பதினைந்து முதல் இருபது ஆண்டுவரை சிறை. யாருக்கும் தீங்கு நேராவிடினும், வரம்பை மீறி ஓட்டியதற்கே முதன்முறை 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை தண்டமும் இரண்டாண்டுவரை சிறையும் உண்டு. வரம்பு, உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 50-க்கு இறங்கியது.

ஆயின் பொது விவாதம் எங்கே சென்றது? ஓட்டுவதிலிருந்து விலகிக் குடிப்பதை நோக்கி நகர்ந்தது. மது விற்பனையையே நிறுத்திவைக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. முஸ்லிம் அல்லாதோரின் வாழ்க்கை முறையில் தலையிட வேண்டாம் என்ற எதிர்க்குரல்களும் எழுந்தன. மக்களவை விவாதத்தின்போதே சமயங்கள் மதுவை எவ்வாறு நோக்குகின்றன என்ற சர்ச்சை மூண்டு, மசோதாவின் உள்ளடக்கத்தைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம், மளிகைக் கடைகளிலும் சிற்றங்காடிகளிலும் சீன மருந்துக் கடைகளிலும் கடும் மது வகைகளை விற்பதற்கு 2021 அக்டோபர் முதல் தடை என்று அறிவித்தபோது அச்சர்ச்சை மேலும் வளர்ந்தது. சாலையில் காவலர் எத்தனை பேரைச் சோதிக்கிறார். சோதனைக் கருவிகள் போதுமா. இரவில் வீடு திரும்பப் பொதுப் போக்குவரத்து உண்டா. இவை போன்ற வினாக்கள் அந்தக் கூச்சலில் அமுங்கின.

தமிழராகிய நமக்கு இத்திரிபு புதிதன்று. நம் முன்னோர் மதுவை எதிர்த்துப் போராடியவர்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின்னர்க் கெடாவில் எழுந்த தொண்டர் படை, தோட்டந்தோறும் கள்ளை எதிர்த்து நின்றது. அவர்களின் பகை கள்ளே. உழைப்பவனின் கூலியைக் கடையிலேயே திரும்பப் பறித்த முறையே. அப்போராட்டம் அக்காலத்துக்கு உரியது, பெருமைக்கும் உரியது. வாகனமோட்டும் சட்டத்தின் நோக்கம் வேறு. நீ குடிப்பவனா, நல்லவனா, எச்சமயத்தவன் என்று அது கேட்பதில்லை. ஒரே ஒரு நேரத்தில், ஒரே ஒரு செயலின்போது, உன் உடலில் எவ்வளவு உள்ளது என்றே கேட்கிறது. திருக்குறளிலும் கள்ளுண்ணாமை அறத்துப்பாலில் இடம்பெறவில்லை. பொருட்பாலில், நட்பியலில் இடம்பெறுகிறது. மதுவைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் காணாமல், பிறரோடு வாழும் வாழ்வின் பொருளாகவும் காண்பதற்கு நம் மரபிலேயே இடமுண்டு.

6. எண்ணும் தண்டனையும்: மூன்று நாடுகள்

ஒப்பீடு தெளிவு தரும். சிங்கப்பூர் 2019 நவம்பர் 1 முதல் தண்டனையை உயர்த்தியது. முதல் குற்றத்துக்கான தண்டம் 2,000 முதல் 10,000 வெள்ளி வரை, சிறை ஓராண்டுவரை என்றாயிற்று. வரம்போ 80, 35 என்றே நின்றது. பின்னர் 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம், ஆபத்தாக வாகனமோட்டி மரணம் விளைவித்தல் முதலிய குற்றங்களை முதன்முறை புரிவோர்க்கு இருந்த கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையை நீக்கி, நீதிபதிகள் சூழ்நிலையை எடைபோட்டுத் தீர்ப்பளிக்க இடமளித்தது.

ஸ்காட்லாந்து மறுவழியில் சென்றது. 2014 டிசம்பர் 5 அன்று தண்டனையை மாற்றாமல் வரம்பை மட்டும் 80-இலிருந்து 50-க்கு இறக்கியது. மூச்சில் 22, சிறுநீரில் 67. ஆறாண்டு கழித்து மலேசியா ஏற்ற அதே மூன்று எண்கள். அதன் விளைவை இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2018-இன் இறுதியில் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு, சாலை மோதல்கள் அதனால் குறையவில்லை என்று கண்டது. சட்டம் இறங்கியது, அதற்கேற்பச் சோதனைகள் ஏறவில்லை என்பது ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்களுள் ஒன்று.

மலேசியாவோ எண்ணைக் குறைத்துத் தண்டனையையும் உயர்த்தியது. பயன் என்ன? இங்கே வரலாற்று மாணவர் விழிப்போடு இருத்தல் வேண்டும். 2019-இல் 6,167 ஆக இருந்த நாட்டின் சாலை மரணங்கள் 2020-இல் 4,634 ஆகக் குறைந்தன. இதனைக் காட்டிச் சட்டம் வென்றது என்று முழங்குவோர் இருக்கலாம். அவ்வாண்டின் பெரும்பகுதியில் மக்களின் நடமாட்டம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தது என்பதையும், சட்டம் அவ்வாண்டின் கடைசிப் பத்து வாரங்களிலேயே நடப்பில் இருந்தது என்பதையும் மறந்தால் அம்முடிவு பிழையாகும். 2023-இல் எண்ணிக்கை 6,443 ஆக ஏறியது. இதனைக் காட்டிச் சட்டம் தோற்றது என்பதும் அதே பிழை. மலேசியச் சாலைகளில் மாள்வோருள் பெரும்பான்மையினர் மோட்டார் சைக்கிளோட்டிகள். அம்மரணங்களுக்குக் காரணங்கள் பல. 1967-இல் இரவையும் பகலையும் பிரித்துப் பார்த்ததுபோல, எண்ணைப் பிரித்துப் பார்க்காமல் முடிவு கூறுதல் கூடாது.

7. சொல் சுமக்கும் சிந்தனை

இறுதியாக, மொழி கற்பிக்கும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. செய்தித் தாள்களிலும் மேடைகளிலும் நாம் 'குடிபோதையில் வாகனமோட்டுதல்' என்றே எழுதுகிறோம், பேசுகிறோம். இச்சொல் 1967-க்கு முற்பட்ட சிந்தனையைச் சுமந்து நிற்கிறது. வரம்பை மீறினார் என்ற குற்றத்துக்குப் போதையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பதே புதிய சட்டத்தின் அடிப்படை. 'போதை' என்று நாம் எழுதும்போது, 'நான் போதையில் இல்லையே' என்று சாவியைக் கையிலெடுக்கும் மனிதனுக்கு நாமே ஒரு வழியைத் திறந்துவிடுகிறோம். அவன் தள்ளாடவில்லை, ஆகையால் அச்சொல் தன்னைக் குறிக்காது என்று எண்ணுகிறான். 'மது அருந்தி வாகனமோட்டுதல்' என்றெழுதினால் அவ்வழி அடைபடும்.

'விபத்து' என்ற சொல்லும் எண்ணிப் பார்க்கத் தக்கது. துன்பம், கேடு என்னும் பொருளுடைய வடசொல் அது. இன்றைய வழக்கிலோ யாரும் எதிர்பாராமல், யாருடைய குற்றமுமின்றி நேர்வது என்ற பொருள் அதில் ஏறியிருக்கிறது. 'பிரித்தானிய மருத்துவ இதழ்' 2001-இல், தவிர்த்திருக்கக் கூடியவற்றை இச்சொல்லின் ஆங்கில நிகரால் குறிப்பதில்லை என்று முடிவெடுத்தது. நான்கு கோப்பை அருந்தியவர் காரைச் செலுத்தி ஒருவரை மோதியதை 'விபத்து' என்று எழுதுவதா, 'மோதல்' என்று எழுதுவதா? வகுப்பறையில் மாணவர்களோடு விவாதிக்கத் தக்க வினா இது. கட்டுரைப் பயிற்சிக்கும் சொல்லாய்வுக்கும் குடிமை ஒழுக்கத்துக்கும் ஒரே பாடம் கிடைத்துவிடும்.

தொகுத்துக் கூறின், 1967-இல் சட்டத்தை வெறுத்தோர் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து அதைப் பார்த்தனர். 2020-இல் வேண்டினோர் சாலையோரத்திலிருந்து பார்த்தனர். இரு கூட்டத்தாரும் தண்டனையின் கனத்தைப் பற்றியே பேசினர். பிடிபடும் உறுதியைப் பற்றிப் பேசியோர் சிலரே. வரலாறு அந்தச் சிலரின் பக்கமே நிற்கிறது. வரம்பு 80 ஆயினும் 50 ஆயினும், இரவுச் சாலையில் காவலர் நிற்பார் என்ற நம்பிக்கை இருந்தால் அந்த எண் உயிர்பெறும். இல்லையேல் ஏட்டில் உறங்கும். அக்காவலருக்கும் முன்பாக, விருந்து முடிந்து எழும் தந்தையிடமோ தமையனிடமோ 'சாவியைக் கொடுங்கள், நான் வண்டிக்கு ஏற்பாடு செய்கிறேன்' என்று சொல்லும் ஒருவர் வீட்டிலேயே இருந்தால், சட்டத்துக்கு வேலையே இராது. அவ்வாறு சொல்லும் துணிவு நம் மாணவர்களுக்கு வாய்க்கட்டும்.